அண்டை நாடுகளும் ஆண்டீஸ் மலையும்

அயலாரோடு உண்டாகும் பகை தூரத்தாரோடு உண்டாகும் பகையினுங் கொடிது. தூரத்தாரை மறந்திருத்தல் கூடும். அயலாரையோ நாள்தோறுங் கண்டே தீரவேண்டும். தேசங்களுக்கும் இஃது ஒக்கும். தென்னமெரிக்காவிலுள்ள சிலி, ஆர்ஜென்டீனா என்னும் இரு நாடுகளின் சரித்திரத்தை வாசிக்குந்தோறும் இவ்வுண்மை நம் உள்ளத்தில் ஆழப் பதிகின்றது.

இவ்விரு நாடுகளுக்கும் இடையே ஆண்டீஸ் மலைத்தொடர் நிற்கின்றது. நீரைப் பிரிக்கும் உயர்ந்த சிகரங்களின் வழியே எல்லை செல்லுமென 1881-ஆம் ஆண்டில் உடன்படிக்கை எழுதினர். ஆயின், தெற்கே உயர்ந்த சிகரங்கள் ஓரிடத்தும், நீர் பிரியும் மேடு வேறோரிடத்தும் இருந்தன. சிகரமே எல்லை என்றது ஆர்ஜென்டீனா; நீர் பிரியுமிடமே எல்லை என்றது சிலி. ஒரு வாக்கியத்திற்கு இருவர் கொண்ட இருபொருளால் போர்க்கப்பல்கள் பெருகின. 1902-ஆம் ஆண்டிலே இரு நாட்டாரும் கப்பல் பெருக்குவதை நிறுத்த இசைந்து, இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு அளித்த எல்லைத் தீர்ப்பையும் ஏற்றனர். 1904 மார்ச்சு 13-ஆம் நாள் எல்லைக் கணவாயின் உச்சியிலே கிறிஸ்துநாதரின் வெண்கலச் சிலை நிறுவப்பெற்றது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆர்ஜென்டீனா இத்தாலியிற் கட்டுவித்து, பின் வேண்டாவென்று விற்ற இரு கப்பல்களை ஜப்பான் வாங்கி, அதே 1904-இல் ருஷியாவோடு தொடுத்த போரிற் செலுத்திற்று. ஒரு மலையில் அடங்கிய பகையின் கருவி வேறொரு கடலிற் பகைக்கு உதவிற்று!

அச்சிலையும் பகையை என்றைக்குமாகத் தடுத்துவிடவில்லை. தென்கோடியில் பீகிள் கால்வாயருகேயுள்ள பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்னும் மூன்று தீவுகள் சிலிக்கே உரியவென 1977-இல் நடுவர் தீர்ப்பாயிற்று. ஆர்ஜென்டீனாவை அப்பொழுது ஆண்ட படைத்தலைவர் 1978-இல் அதனைத் தள்ளினர். அவ்வாண்டு டிசம்பரில், போர் மூளுந் தறுவாயில், போப்பரசர் இரண்டாம் ஜான் பால் இடைப்பட்டுச் சமாதான முயற்சியைத் தொடங்கினார். 1984-இல், மக்களாற் றெரிந்தெடுக்கப்பட்ட ஆர்ஜென்டீன அரசு தன் குடிகளின் கருத்தை வினவியபோது, வாக்களித்தோருள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் சமாதானத்தையே வேண்டினர். தீவுகள் சிலியின்பால் நின்றன, போர் ஒழிந்தது.

நடுவரை நியமித்தல் எளிது. அவர் நமக்கு மாறாகத் தீர்ப்புக் கூறுங்கால் அதற்கு அமைதலே அரிது. கல்லூரி விளையாட்டு மைதானத்திலும் இவ்வருமையை நாம் கண்டிருக்கின்றோம். நாளை இராஜாங்க காரியங்களில் இறங்கப்புகும் மாணவ நண்பர், மலைமேல் நின்ற சிலையை நினைக்கும்போது, இழப்பை அறிந்தும் சமாதானத்திற்கு வாக்களித்த அக்குடிமக்களையும் உடன் நினைப்பாராக.