குதிரைப் புண்

சிறுமலையில் வாழைத்தாரையும் எலுமிச்சை மூட்டையையும் தோட்டத்திலிருந்து குதிரைகள்தான் சுமந்து வரும். ஒன்பதாவது படிக்கையில் எங்கள் குதிரையின் முதுகுப் புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பூசுவேன். அது சிலிர்த்தால் எனக்கு வலிக்கும். அதே கையால்தான் பள்ளியில் ஒருவனை உதடு கிழிய அடித்தேன். என் கையிலிருந்த நிறத்துக் கயிறு அவன் கையில் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். "எப்படிடா மனசு வந்துச்சு இந்தப் பசங்களுக்கு?" என்றாள் அம்மா. நான் வாயே திறக்கவில்லை.

அதையடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கயிற்றை அறுத்துவிடலாம். என்னிடம் இரக்கம் இருந்தது. அது யார் யாருக்கு என்று ஊர் முன்னமே பிரித்துக் கொடுத்திருந்தது.

அவன் உதட்டுக்கு யார் மருந்து போட்டார்கள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.