உடற்பயிற்சியும் பசியும்

உடற்பயிற்சி பசியைக் கூட்டும், கூடிய பசி எரித்த ஆற்றலை உணவாக மீட்டுக்கொள்ளும் என்ற பரவலான எண்ணத்தை ஆய்வுகள் முழுமையாக ஏற்பதில்லை. நலமுள்ளவர்கள் வேகமாக ஓடும்போதோ மிதிவண்டி மிதிக்கும்போதோ, இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் தற்காலிகமாகக் குறைவதும், குடலில் சுரந்து நிறைவுணர்வைத் தரும் பெப்டைடு ஒய்ஒய், ஜிஎல்பி-1 ஆகியவை உயர்வதும் பதிவாகியுள்ளன; பயிற்சி முடிந்த சிறிது நேரத்தில் இம்மாற்றம் மறைந்துவிட்டாலும், செலவான ஆற்றல் முழுவதும் அன்றைய உணவிலேயே ஈடாவது அரிது.

மறுபுறம், உழைப்பு குறைந்தால் உணவும் அதே அளவில் குறையும் என்பதற்கில்லை. மேற்கு வங்கத்தின் சணல் ஆலை ஒன்றில் 213 பணியாளர்களை ஆராய்ந்து ழான் மேயர் குழுவினர் 1956இல் வெளியிட்ட கட்டுரை, இலேசான வேலையிலிருந்து கடும் உழைப்பு வரை உண்ணும் அளவு வேலைக்கேற்ப உயர்ந்ததையும், உட்கார்ந்தே பணிபுரிந்தோர் இலேசான வேலை செய்தோரைவிட மிகுதியாக உண்டு எடையும் கூடியிருந்ததையும் காட்டியது. ஒரே காலத்தில் பலரை ஒப்பிட்ட ஆய்வு காரணத்தை உறுதிசெய்யாது எனினும், பின்வந்த ஆய்வாளர்கள் பலர் அதன் வழியிலேயே சிந்தித்தனர்.

ஆகவே, உடற்பயிற்சியை எடைக்குறைப்புக் கருவியாக மட்டும் கருதாமல், உணவை உடலின் தேவையோடு இசைவிக்க உதவும் பழக்கமாகவும் கொள்வதே தகும்.