நூறு கஜ தூரத்தில்

சென்ற வருஷம் நவம்பர் மாதக் கடைசியில், அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்துக் காடு ஒன்றில், நான் ஒரு மானைச் சுட்டேன். எழுபது கஜ தூரங்கூட இராது. மான் ஒரு முறை முழங்கால் மடங்கி, எழுந்து ஓடிற்று. சருகுகளின் மேல் ரத்தத் துளிகளைக் கண்டு தொடர்ந்தோம். போகப் போகத் துளிகள் சிறுத்தன; ஓர் ஓடைக்கு அப்பால் அவையும் இல்லை. இருட்டும் வரையில் தேடினோம். மறுநாள் காலையிலும் தேடினோம். மான் அகப்படவில்லை. மாமிசம் உண்ணலாமா கூடாதா என்பது வேறு விவகாரம். ஒரு பிராணியைக் கொல்லத் துணிந்தவன் அதைப் பாதி உயிராய்த் துடிக்க விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கலாமா? பல இரவுகள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஆகையால் இந்த வருஷம் வேட்டைக் காலத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இரண்டு சிநேகிதர்களுடன் சுடுகளத்துக்குச் சென்றேன். ஒருவர் என்னைப் போலவே இங்கு வந்து குடியேறிய தமிழர், என்ஜினீயர், எதற்கும் காரணம் சொல்லக் கூடியவர். மற்றவர் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர். கேட்டாலன்றி வாய் திறக்க மாட்டார்.

துப்பாக்கியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1948-ம் வருஷத்தில் முதன்முதலாக வெளிவந்த மார்லின் 336 என்னும் ஜாதி அது. அடியில் விரல்கள் நுழையும் வளையமாக ஒரு நெம்புகோல் உண்டு. அதைக் கீழே தள்ளினால் வெற்றுத் தோட்டா வெளியே துள்ளும்; மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். இதற்கு மூத்ததான வின்செஸ்டர் 1894 வெகு காலம் வரை வெற்றுத் தோட்டாவை மேற்புறமாக எறிந்து வந்தபடியால், அதன் தலையில் தூரதிருஷ்டிக் கண்ணாடியை வைப்பது பெரும் தொல்லை. மார்லின் வலப்புறமாக எறிவது. அதன் தலையும் தட்டையானது. "இவ்வளவு லட்சணமான துப்பாக்கிக்கு மூக்குக் கண்ணாடியா?" என்று முகம் சுளிப்பவர்களும் இந்நாட்டில் உண்டு. என் கண்களின் வயது அவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கண்ணாடியைச் சென்ற வருஷம் சமையலறை மேஜையில் வைத்து நானேதான் பொருத்தினேன். இரண்டே குண்டு சுட்டுப் பார்த்துத் திருப்தியடைந்து விட்டேன். சோம்பல் மட்டும் அதற்குக் காரணமன்று. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் நம்மவர் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாதென்றது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் கையில் சொந்தத் துப்பாக்கி வந்ததும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. சரிபார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டிகளின் வேலை என்று எண்ணிவிட்டேன்.

வேறு சில ஜாதித் துப்பாக்கிகளில் பின்புறத்தைத் திறந்து, குழலின் வழியாகவே இலக்கைப் பார்த்துக் கண்ணாடியை ஏறக்குறைய நேராக்கிக் கொள்ளலாம். இதிலோ பின்புறம் அடைப்பு. ஆகவே 25 கஜத்தில் தொடங்கினோம். குண்டு ஒன்றரை அங்குலம் இடப்புறம் விழுந்தது. கண்ணாடியிலுள்ள திருகை ஒரு 'கிளிக்' திருப்பினால் நூறு கஜத்தில் கால் அங்குலம் நகரும். 25 கஜத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான். என்ஜினீயர் கணக்குப் போட்டு 24 கிளிக் திருப்பினார். அடுத்த குண்டு நடுவில் விழுந்தது. எனக்கு ஒரே குதூகலம்!

நூறு கஜத்துக்குப் போனதும் குதூகலம் போயிற்று. ஐந்து குண்டுகளும் ஓர் அடி அகலத்தில் சிதறிக் கிடந்தன. மானின் உயிர்நிலையோ எட்டு அங்குல வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

"குழல் சூடேறிவிட்டது" என்றார் என்ஜினீயர். பத்து நிமிஷம் ஆறவைத்தோம். மறுபடியும் அதே சிதறல். அப்போது பெரியவர், "தோட்டாக்களை நான் போட்டுத் தருகிறேன்" என்றார். முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதற்கு விசையை இழுத்தேன். 'டக்' என்ற சத்தம் மட்டுமே கேட்டது. ஆனால் துப்பாக்கியின் முனை ஒரு குதி குதித்தது! வெடியே இல்லை, உதையும் இல்லை. குதித்தது நான்தான். மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை அவர் நடுவே செருகியிருந்தார். வரப்போகும் உதைக்குப் பயந்து என் தோள் முந்திக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்கள் சுட்டுப் பாருங்கள்" என்றேன், சற்று ரோஷத்துடன். பெரியவர் சுட்டார். அவருக்கும் சிதறிற்று! என் ரோஷம் ஆறுதலாய் மாறுவதற்குள், அவர் தோட்டாக்களை அகற்றி நெம்புகோலைத் திறந்து வைத்துவிட்டுக் கண்ணாடியைப் பிடித்து மெல்ல அசைத்தார். மயிரிழை அளவு அசைந்தது. கழற்றிப் பார்த்தால், அடித்தகட்டைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளில் இரண்டு தளர்ந்திருந்தன. சமையலறை மேஜையில் நான் முடுக்கியவைதான்.

எண்ணெய்ப் பசையைத் துடைத்து, நான்கையும் இறுக முடுக்கி, மறுபடி 25 கஜத்திலிருந்து தொடங்கினோம். விசையை நிதானமாக, எப்போது வெடிக்குமென்று எனக்கே தெரியாதபடி அழுத்தப் பழக்கினார் பெரியவர். பொழுது சாயும் நேரத்தில், நூறு கஜத்தில் மூன்று குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தன. சுடுவதை நிறுத்தும்படி களத்து அதிகாரி குரல் கொடுத்தார். எல்லோரும் துப்பாக்கிகளைத் திறந்து வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னே ஒதுங்கிய பிறகு, நடந்து போய் என் காகிதத்தை எடுத்து வந்தேன்.

திரும்பும் வழியில் என்ஜினீயர், "சென்ற வருஷம் மான் தப்பியது திருகாணியாலா, உம் தோளாலா?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

2019-ம் வருஷம் முதல் இம்மாகாணத்தில் மான் வேட்டை, நன்றி கூறும் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. முதல் நாளே காட்டுக்கு வருகிறேனா என்று பெரியவர் விசாரித்தார். வருகிற சனிக்கிழமை சுடுகளத்துக்கு வருவதாக மட்டும் சொன்னேன். வழியில் கடையில் இறங்கி, இன்னும் இரண்டு பெட்டி தோட்டா வாங்கிக்கொண்டேன்; போலித் தோட்டாவைப் பெரியவரிடம் இரவல் கேட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.