அப்பத்தாவும் சுட்ட பழமும்

மதுரைக்கு வடக்கே சுமார் 21 கி.மீ. தொலைவில் அழகர்மலை. அடிவாரத்தில் கள்ளழகரைச் சேவித்து, பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமியை வணங்கி மலைப்பாதையில் மேலேறினால், ஆறுபடை வீடுகளுள் ஆறாவதான பழமுதிர்சோலை. நக்கீரரும் அருணகிரிநாதரும் பாடிய தலம். வள்ளி, தெய்வானை சமேதராக முருகப்பெருமான் அருள்பாலிக்கிறார். ஆயினும், வரும் குழந்தைகளின் கண்கள் முதலில் தேடுவது கோயிலருகே உள்ள நாவல்மரத்தைத்தான்.

கதை எல்லோரும் அறிந்ததே. வெயிலில் நடந்து களைத்த ஔவைப்பாட்டி, மரக்கிளையில் அமர்ந்திருந்த மாடு மேய்க்கும் சிறுவனிடம் பழம் கேட்டார். "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா?" என்றான் அவன். பழத்தை யாரேனும் சுடுவார்களா என்று திகைத்த பாட்டி, சுட்ட பழமே கேட்டார். சிறுவன் கிளையை உலுக்கினான். கனிந்த பழங்கள் மணலில் விழுந்தன. ஒட்டிய மண்ணைப் போக்கப் பாட்டி ஊத, "என்ன பாட்டி, பழம் மிகவும் சுடுகிறதோ?" என்று கேட்டுவிட்டான்.

மன்னர் அவைகளில் தோற்காத தமிழ், ஒரு மரத்தடியில் தோற்றது. கருங்காலியைப் பிளந்த கோடரி வாழைத்தண்டில் மழுங்கியதுபோல் ஆயிற்றே, இனி இரண்டு இரவுக்கு உறக்கம் வராதே என்று பாட்டி நொந்து பாடியதாகத் தனிப்பாடல் ஒன்று கூறும். அந்த வயதில் பேரன் போன்ற ஒருவனிடம் தோற்பது எளிதன்று. நம் வீடுகளில் கைப்பேசியைப் பேரனிடம் கற்றுக்கொள்ளும் தாத்தாக்களைக் கேட்டால் தெரியும்! ஆனால் பாட்டி கோபித்துக்கொண்டு நடையைக் கட்டவில்லை, "நீ யாரப்பா?" என்று கேட்டார். வேலவன் தன் உருக்காட்டினான்.

அதன்பின் கேள்வி கேட்டவன் முருகன். விடை சொன்னவர் பாட்டி. கொடியது எது, இனியது எது, பெரியது எது, அரியது எது என்று அவன் அடுக்க, அவர் பாடிக்கொண்டே போனார். இனியது தனிமை என்றே தொடங்கினார். பேச்சுத்துணை கிடைத்த மகிழ்ச்சியோ என்னவோ, அறிவுடையோரைச் சேர்வது அதனினும் இனிது என்று அந்தப் பாட்டிலேயே மாற்றிக்கொண்டார்.

நாவற்பழம் பொதுவாக ஆனி, ஆடியில் பழுக்கும். இங்குள்ள மரமோ ஐப்பசியில், கந்தசஷ்டியை ஒட்டிப் பழுக்கும் என்பர்.

ஓர் ஆடிக் கிருத்திகையன்று தரிசனம் முடித்த குடும்பம் ஒன்று, இன்னும் மேலேயுள்ள நூபுர கங்கைக்குப் புறப்பட்டது. அழகரின் திருமஞ்சனத்துக்குச் செல்லும் தீர்த்தம் அது. "முழங்கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்று அப்பத்தா மரத்தருகே அமர்ந்துவிட்டார். எட்டு வயதுப் பேரன் மட்டும் நகரவில்லை. அடிவாரத்தில் வாங்கிய நாவற்பழப் பொட்டலம் அவன் கையில். சுற்றிலும் குரங்குகள், அவற்றின் கவனமும் பொட்டலத்தில்தான்.

"அப்பத்தா, சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமா?"

ஔவை செய்த பிழையை அப்பத்தா செய்வதாயில்லை. "எதுன்னாலும் கழுவிட்டுக் குடுறா" என்றார்.

கழுவிய பழத்தை யார் ஊதப்போகிறார்கள்? பையன் விழித்தான். அருகில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பல நூற்றாண்டுக் கடனை அப்பத்தா ஒரே சொல்லில் தீர்த்துவிட்டார் என்றே தோன்றிற்று.

பேரன் பொட்டலத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். "சரி, எந்திரி. நூபுர கங்கையிலதான் நல்ல தண்ணி இருக்கு. அங்க வந்தா கழுவித் தாரேன்."

அப்பத்தா மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே மேலே நடந்தார்.