கட்டற்ற மென்பொருளுக்குக் கணக்கு எழுதுவது யார்?

லினக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி என்று கட்டற்ற மென்பொருட்களின் பெயர்கள் பலருக்கும் தெரியும். அவற்றுக்காக நன்கொடை வாங்கி, வரவு செலவு எழுதி, வக்கீல் வைத்துக் கொண்டிருக்கும் அமைப்புகளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில் ஒரு விஷயம். கட்டற்றது என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம் அது. பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். காசு வாங்கக் கூடாது என்று எங்கும் இல்லை. 1984ல் எம்.ஐ.டி. வேலையை விட்ட ரிச்சர்ட் ஸ்டால்மன், ஈமேக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார்! 1985ல் அவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அந்த வியாபாரத்தை எடுத்துக் கொண்டது. சம்பளத்துக்கு ஆள் வைத்து மென்பொருள் எழுதியது. பாஷ் அப்படி வந்ததுதான்.

சரி, அமைப்பு எதற்கு? பத்து பேர் பத்து நாடுகளில் இருந்து எழுதும் மென்பொருளுக்குச் சட்டத்தின் கண்ணில் ஆளே கிடையாது. யார் பெயரில் வங்கிக் கணக்கு திறப்பது? வணிகச் சின்னத்தை யார் பதிவு செய்வது? வழக்கு வந்தால் எழுதியவர் சொந்தக் காசில் வக்கீல் வைக்க வேண்டும். இதற்காகத்தான் அபாச்சி குழுவினர் 1999ல் அறக்கட்டளையாகப் பதிவு செய்து கொண்டார்கள்.

எல்லா அமைப்பும் ஒரே மாதிரி அல்ல. அபாச்சி அறக்கட்டளை நிரல் எழுதுபவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. 2007ல் உருவான லினக்ஸ் ஃபவுண்டேஷன், கம்பெனிகள் சந்தா கட்டும் வர்த்தக சங்கம். லினஸ் டோர்வால்ட்ஸுக்குச் சம்பளம் அங்கிருந்துதான். 2003ல் ஏ.ஓ.எல். கொடுத்த 20 லட்சம் டாலரில் தொடங்கிய மொசில்லாவுக்கோ, பல வருடங்களாகப் பெரும்பகுதி வருமானம் கூகுளின் தேடல் ஒப்பந்தத்தில் இருந்து. ஃபயர்ஃபாக்ஸுக்குப் போட்டியான குரோம் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை :-)

பணம் எங்கே போய்ச் சேரவில்லை என்பது 2014 ஏப்ரலில் தெரிந்தது. இணையத்தில் கடவுச்சொற்களையும் வங்கிப் பரிமாற்றங்களையும் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது. சர்வரின் நினைவகத்தில் இருப்பதை வெளியாள் உருவ முடியும். இரண்டு வருடங்களாக இருந்த ஓட்டை! உலகமே நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு வந்த நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2000 டாலர். முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர்.

காரணம் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. காசு கொடுக்காமல் எடுத்தது செலவுக் கணக்கில் ஏறாது. செலவில் ஏறாததற்கு யாரும் பட்ஜெட் போடுவதில்லை. கோடிகளில் லாபம் பார்க்கும் கம்பெனியின் ஐந்தொகையில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற பெயரே இருக்காது.

அதே மாதம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கேட்டதும், கூகுள், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் உட்பட சுமார் ஒரு டஜன் கம்பெனிகள் வருடத்துக்கு 1 லட்சம் டாலர் வீதம் 3 வருடங்களுக்குத் தர ஒப்புக்கொண்டன. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகச் செய்யாததை, வாங்கிப் போட ஒரு பொது உண்டியல் இருந்ததால் செய்ய முடிந்தது.

ஆனால் உண்டியல் மட்டும் போதாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெடித்தபோது, அது அபாச்சியின் குடைக்குள் இருந்த மென்பொருள்தான். பெயர், சட்டப் பாதுகாப்பு எல்லாம் இருந்தது. பராமரித்தவர்களோ ஓய்வு நேரத்தில் உழைத்த தன்னார்வலர்கள்.

நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் அமைப்பின் பெயரோடு நின்றுவிடாமல், அதன் ஆண்டறிக்கையைத் திறந்து பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பது நல்லது. மூலநிரல் மாதிரியே, அமெரிக்காவில் பதிவான இந்த அமைப்புகளின் வரிக்கணக்கையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.