மெரூன் சுவருக்கு என்ன நிறம் சேரும்?

ராத்தா வீட்டுச் சாப்பாட்டு அறையின் நாலு சுவரும் கடும் மெரூன். வர்ண அட்டையில் அதற்குப் பெயர் 'பேர்கண்டி'. பிரான்ஸில் ஒரு பிரதேசத்து வைனால் வந்த பெயர். அது நமக்கு வேண்டாம், மங்குஸ்தான் தோலின் நிறம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். மச்சான் வஃபாத்தாவதற்கு முந்திய வருஷம் பாஸ் யாரையும் பிடிக்காமல் தன் கையாலேயே அடித்தது.

இப்போது மருமகளின் நிக்காஹ் வருகிறது. அறை இருட்டு, போட்டோவுக்குச் சரிவராது, முழுக்க வெள்ளை அடிப்போம் என்கிறார்கள் பிள்ளைகள். ராத்தா மறுத்துப் பேசவில்லை. "உங்கட விருப்பம்" என்றா. அவ அப்படிச் சொன்னால் அது விருப்பமில்லை என்று எனக்குத் தெரியும். கடைசியில், "மாமாதானே சித்திரம் படிப்பிக்கிற, அவரக் கேளுங்க" என்று என் தலையில் போட்டுவிட்டா.

பிள்ளைகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மஃரிப் நேரத்தில் முற்றத்துச் செவ்வரத்தையைப் பாருங்கள். பகலில் பளிச்சென்று இருந்த பூ கறுத்துப் போயிருக்கும், இலை மட்டும் தெளிவாகத் தெரியும். மங்கல் வெளிச்சத்தில் நம் கண் சிவப்பைத்தான் முதலில் இழக்கிறது. செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 1819 அளவில் கவனித்த விஷயம் இது. நோன்பு திறக்கும் நேரத்தில் அந்த அறை குகை மாதிரி ஆவதற்குக் காரணமும் இதுதான். எங்கள் உம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை குறைவு. அங்கே உட்கார்ந்தால் பீங்கானைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்கிறா.

அதற்காக நாலு சுவரையும் அழிக்க வேண்டியதில்லை. ஜன்னல் உள்ள சுவரையும் அதற்கு எதிர்ச் சுவரையும் கிரீம் ஆக்கினால் போதும். எதிர்ச் சுவர் பகல் வெளிச்சத்தை அறைக்குள் திருப்பி அனுப்பும். ஜன்னல் சுவர் வெளிறினால் கண் கூசுவது குறையும். சிலிங்கும் கிரீம்தான். பக்கத்துச் சுவர் இரண்டும் மச்சான் அடித்தபடியே இருக்கட்டும்.

ஏன் சுத்த வெள்ளை இல்லை என்று மருமகன் கேட்டான். பிரான்ஸில் கோப்ளான் நெசவாலையில் சாயப்பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் செவ்ரேல். கறுப்பு நூல் கறுப்பாக இல்லை என்று அவரிடம் முறைப்பாடு வந்தது. பார்த்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் அதை மாற்றிக் காட்டியது. 1839இல் அதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வைத்தால் அது இலேசாகப் பச்சையடித்து, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரித் தெரியும். துளி மஞ்சள் கலந்த கிரீம் அதைச் சமன் செய்யும்.

பச்சை மெரூனுக்கு நல்ல ஜோடி. ஆனால் நேருக்கு நேர் முட்டக் கூடாது. நமது தேசியக் கொடியைப் பாருங்கள். மெரூனும் பச்சையும் ஒரே துணியில் இருந்தும் ஒன்றையொன்று தொடுவதில்லை, நடுவில் மஞ்சள் கரை ஓடுகிறது. ஆகவே சாம்பல் கலந்த பச்சையைத் திரைச்சீலைக்கும் கதிரை மெத்தைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். திரை தொங்குவது கிரீம் சுவரில்தானே.

முக்கியமான விஷயம் பல்ப். நம்மவர்கள் எங்கும் 6500 கெல்வின் 'டே லைட்' பல்பையே போடுகிறோம். அந்த நீல வெளிச்சத்தில் மெரூன் செத்துப்போய் சேற்று நிறமாகிவிடும். 3000 கெல்வின் 'வார்ம் வைட்' போட்டுப் பார்த்துவிட்டுப் பெயின்டைப் பற்றிப் பேசுங்கள். அதற்குப் பெயின்டில் பத்தில் ஒரு பங்கு செலவும் வராது.

உம்மாவுக்கு ஒரு நீலப் பீங்கான் வாங்கியாச்சு. வெள்ளைப் பீங்கானில் வெள்ளைச் சோறு அவவுக்குத் தெரியவே இல்லை, அதற்குச் சுவர் என்ன செய்யும்?

மெரூனுக்கு மேல் கிரீம் ஏற லேசில் விடாது. முதலில் சீலர், பிறகு இரண்டு கோட், சில இடங்களில் மூன்று. ராத்தாவிடம் எந்த இரண்டு சுவர் மிஞ்சும் என்று காட்டினேன். எழுந்து போய், மச்சானின் தூரிகைக் கோடு தெரியும் மூலை அதில் இருக்கிறதா என்று பார்த்தா. இருக்கிறது.

வியாழன் பாஸ் வருகிறார். தேக்கு மேசையை வெளியே தூக்க நாலு பேர் வேண்டும். புதன் அஸருக்குப் பிறகு ஓய்வாக இருக்கும் தம்பிமார் சொல்லுங்கள். பிளேன்டீ ராத்தாவின் பொறுப்பு.