முதல் தட்டு நெய் பிஸ்கட்

ஈப்போவில் தமிழர் கைப்பட்ட தின்பண்டம் எது என்று கேட்டால் எவரும் புந்தோங் பக்கம்தான் கைகாட்டுவார்கள். அங்கே கம்போங் கச்சாங் பூத்தே என்றே ஒரு பகுதி உண்டு. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் போட்டுப் பேர் வாங்கிய இடம். எண்ணெய்ச் சட்டி வேலை முழுக்கக் கண்ணெதிரே நடப்பது. நுரை அடங்குகிறதா, முறுக்கு சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே தீயைக் கூட்டலாம், குறைக்கலாம், கரண்டியால் ஒன்றைத் தூக்கி உடைத்தும் பார்க்கலாம்.

ஓவனில் அந்த வசதி கிடையாது. கதவைச் சாத்தியதும் வேலை நம் கையை விட்டுப் போய்விடுகிறது. நூறு பேருக்குச் சமைத்துப் போடத் தெரிந்த பெண்கள்கூட ஒரு சின்ன ஓவன் முன்னால் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தீ தெரியும். கதவுக்குப் பின்னால் இருக்கும் தீ தெரியாது, அவ்வளவுதான்.

அந்தத் தீயைக் கற்றுக்கொடுக்கும் ஓர் அம்மாவைப் பார்க்கத் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சுங்கை சிப்புட் போனேன். ஈப்போவிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம். சுற்றிலும் முன்பு ரப்பர்த் தோட்டங்கள்; இப்போது பாதிக்கு மேல் செம்பனை, மீதி தாமான் என்கிற வீடமைப்புகள். அம்மா இருப்பதும் ஒரு தாமானின் மலிவு விலை வீட்டில்தான். பின்பக்கம் தகரக் கூரை போட்டு நீட்டிய அடுப்படியில் இரண்டு கரண்டு ஓவன், ஒரு கேஸ் ஓவன், சுவரோரம் சிவப்பு மூடி போத்தல்கள் அடுக்கடுக்காக. வாசல் அஞ்சடியில் செருப்புகள் குவிந்திருந்தன. அன்று புதிதாகக் கற்க வந்தவர்கள் இரண்டு பேர்: தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண், மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பையன். மருமகள் ஒரு மூலையில் ஆர்டருக்கான பிஸ்கட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா இருபது வருடத்துக்கு மேல் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைந்து, மத்தியானம் பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் வாழ்க்கை. தோட்டம் கைமாறியதும் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். 1980க்கும் 2000க்கும் இடையில் இப்படித் தோட்டத்தை விட்டு வெளியேறிய இந்தியத் தொழிலாளர்கள் 3 லட்சத்துக்கும் மேல் என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகளை நட்ட கோலகங்சார் இங்கிருந்து பக்கம்தான். அந்தக் காலத்து மரம் ஒன்றை அங்கே வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். மரம் வெட்டியவர்களுக்கு இருந்த பாதுகாப்பு அதைவிடக் குறைவு.

லயத்தில் ஓவன் ஏது? மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும், விளக்குக்கு மட்டும் போதும் என்றார். அவர் முதலில் சுடக் கற்றது பஹுலு என்ற சின்ன முட்டைக் கேக். தோட்டத்தை ஒட்டியிருந்த கம்பத்து மலாய் அம்மா ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். பித்தளை அச்சைத் தேங்காய் மட்டைத் தணலில் வைத்து, மேலே தகரத்தை மூடி, அந்தத் தகரத்தின் மேலும் கரியைப் பரப்ப வேண்டும். "மேல் நெருப்பு கூட, கீழ் நெருப்பு கம்மி. மாத்தி வெச்சீங்கன்னா அடி கருகிடும், மூஞ்சி வெளுத்தே கிடக்கும்." ஓவனில் மேல் கம்பி, கீழ்க் கம்பி என்று இருப்பதன் சூட்சுமம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. பிற்காலத்தில் கரண்டு ஓவன் வாங்கியபோது கையேட்டைப் படிக்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை.

ஆனால் புதியவர்களுக்கு அவர் பஹுலு சொல்லித் தருவதில்லை. முட்டையும் சீனியும் சேர்த்து அடிக்கும்போது உள்ளே போகும் காற்றுதான் அதை எழுப்புகிறது. பழைய முறையில் சோடா மாவெல்லாம் கிடையாது. காற்று போதவில்லையா, மாவை முரட்டுத்தனமாகக் கலந்துவிட்டார்களா, தீ தவறிவிட்டதா என்று புதியவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மூன்று காரணத்துக்கும் கிடைக்கும் பலன் ஒன்றே: தட்டையாக ஒரு ரப்பர்த் துண்டு.

கேக்கும் அப்படித்தான். நகரத்தில் சமூக மண்டபங்களில் நடக்கும் ஒருநாள் வகுப்புகள் எடுத்த எடுப்பிலேயே கிரீம் பூசிய கேக்கில் போய் நிற்கின்றன. படம் எடுக்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தனியாகச் செய்யும்போதுதான் தெரியும். குளிர்ந்த முட்டையை வெண்ணெயில் ஊற்றினால் திரிந்துபோகும். பாதியில் ஓவனைத் திறந்தால் நடுவில் குழி விழும். ஏன் என்று கேட்க அங்கே ஆள் இருக்காது. முதல் கேக் குழி விழுந்த வீட்டில் ஓவன் பாத்திரம் அடுக்கும் அலமாரியாகிவிடுகிறது.

அம்மா தொடங்குவது நெய் பிஸ்கட்டில். பொருள் மூன்றே மூன்று: நெய், பொடிச்சீனி, கோதுமை மாவு. (இங்கே கோதுமை மாவு என்று விற்பது தமிழ்நாட்டில் மைதா.) தோட்டத்துக் கணக்கில் ஒரு பால் டின் நெய், ஒரு டின் பொடிச்சீனி, இரண்டரை டின் மாவு. தராசு வைத்திருக்கும் மருமகளின் கணக்கில் 200 கிராம் நெய், 120 கிராம் பொடிச்சீனி, 320 கிராம் மாவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் புதியவர்கள் தராசு வாங்கிவிடுவது நல்லது என்பது என் கட்சி. டின்னில் மாவை அழுத்தி அள்ளுவதும் தூவி அள்ளுவதும் ஒன்றில்லை. அந்த வித்தியாசம் அம்மாவின் கைக்குத் தெரியும், நம் கைக்குத் தெரியாது.

முட்டை இல்லை, தண்ணீர் இல்லை, உப்ப வேண்டியதும் இல்லை. எழும்பாத பண்டம் அமுங்கவும் செய்யாது. மாவில் தண்ணீர் சேர்ந்து பிசைபட்டால் இழுவை வந்துவிடும். ரொட்டிக்கு அது வேண்டும், பிஸ்கட்டுக்கு ஆகாது. வெண்ணெயில் 16 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. நெய்யில் அநேகமாக இல்லை. அதனால்தான் புதியவர் கொஞ்சம் அதிகமாகப் பிசைந்துவிட்டாலும் நெய் பிஸ்கட் வாயில் வைத்ததும் கரைகிறது. மலாய்க்காரர்கள் ஹரி ராயாவுக்குச் செய்யும் பிஸ்கட் சுஜியும், வட இந்திய நான்கட்டாயும் இதன் சொந்தக்காரர்கள்தான்.

மாவை முதலில் வெறும் சட்டியில் பாண்டான் இலை போட்டு மிதமான தீயில் வறுக்கச் சொன்னார். இலை மொரமொரவென்று ஆகும்வரை. பச்சை வாசனை போகும், ஈரமும் போகும். வறுத்ததை நன்றாக ஆறவிட்டுச் சலிக்க வேண்டும். பையன் அவசரப்பட்டான். "தம்பி, சூட்டு மாவுல நெய் பட்டா உருகிடும். உருகுனா தட்டுல போய்ப் படுத்துக்கும், உருண்டை நிக்காது" என்று தடுத்தார். நெய் குருணை கட்டி உறைந்த பதத்தில் இருக்க வேண்டும். அதில் பொடிச்சீனியைக் குழைத்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசிப் பிடி மாவைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் பிடிபட்டு, அழுத்தினால் உதிரும் பதம் வந்துவிட்டால் அந்தப் பிடி தேவையே இல்லை. ஊருக்கு ஊர் நெய்யின் இறுக்கம் மாறும். மலேசியப் புழுக்கத்தில் காலைக்கும் மத்தியானத்துக்குமே மாறும்.

உருண்டைகள் எல்லாம் ஒரே அளவு. அதில் மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. ஓரத்து உருண்டை சின்னதாகவும் நடு உருண்டை பெரிதாகவும் இருந்தால் ஓவனைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. ஆம், ஓவனைத் தெரிந்துகொள்வதற்கான பரீட்சைதான் அந்த முதல் தட்டு. 150 பாகையில் ஓவனைக் காயவைத்து, பன்னிரண்டு உருண்டைகளை வரிசையாக வைத்து, இருபது நிமிடம். இடையில் தட்டைத் திருப்பக் கூடாது. வெளியே எடுத்து ஒவ்வொன்றாக அடியைப் பார்க்க வேண்டும். எது முதலில் சிவந்தது, எது வெளுத்திருக்கிறது? அந்தப் பெண்ணின் தட்டில் பின்பக்கம் இடது மூலையில் இருந்த மூன்றும் பழுப்பேறியிருந்தன, முன்வரிசை வெள்ளை. அம்மா ஓவனைக் காட்டினார். அதன் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் ஏற்கெனவே ஒரு பெருக்கல் குறி, பின்பக்கம் இடது மூலைக்கு நேராக. கேஸ் ஓவனில் குறி வேறு இடத்தில் இருந்தது. திருகியில் எழுதியிருக்கும் பாகையை அவர் நம்புவதே இல்லை. மலிவு ஓவன்களில் அந்த எண் பத்து இருபது பாகை தள்ளி நிற்பது சர்வசாதாரணம். உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டால் சந்தேகம் தீரும்.

புதியவர்கள் எல்லாரும் விழும் குழி இன்னொன்று இருக்கிறது. வெந்த நெய் பிஸ்கட் சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும். தொட்டுப் பார்த்து, வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளுவார்கள். ஆறிய பிறகு அது கல். பையனின் கை தட்டை நோக்கிப் போவதற்குள் மருமகள் தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. மேல் வெள்ளை, அடி இளம்பொன். சரியான பதம்.

ஓவனே இல்லாதவர்களுக்கு? கேக் பாத்திக் செய்யலாம். வெண்ணெய், மைலோ, கெட்டிப்பால் காய்ச்சி, மேரி பிஸ்கட்டை ஒடித்துப் போட்டுக் கிளறி, அழுத்திக் குளிரவைத்தால் முடிந்தது. ருசி நன்றாகவே இருக்கும். ஆனால் சுடுவதைப் பற்றி அது எதையும் கற்றுக்கொடுக்காது. குழந்தைகளுக்கு வேண்டுமானால் தேன் கோர்ன்ஃபிளேக்ஸ்: காகிதக் கிண்ணத்தில் நிரப்பிப் பத்து நிமிடம் சுட்டால் போதும்.

மறுநாள் ஈப்போவுக்குத் திரும்பி குனோங் ராப்பாட் போனேன். சீனர்களின் ஹியோங் பியா பிஸ்கட்டுக்குப் பேர்போன இடம். பழைய முறையில் அதைத் தட்டில் வைத்துச் சுடுவதில்லை. தேங்காய் மட்டை எரித்துக் காய்ந்த அடுப்பின் உட்சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். உள்ளே வெங்காயமும் மால்ட் பாகும். சுவரின் எந்த இடம் அதிகம் காயும் என்று அறியாத கை அதில் வேலை செய்யவே முடியாது. சுங்கை சிப்புட் அம்மாவின் பேனாக் குறிகளும் அதே அறிவுதான்.

இந்த வேலையை இனிப்பாகவே எழுதிவிட்டுப் போக மனமில்லை. தீபாவளி நெருங்கும் வாரங்களில் மூன்று ஓவனும் எரியும் அந்தத் தகரக் கூரைக்கடியில் நிற்பதே கஷ்டம். மருமகளுக்குத் தோள்பட்டை வலி. இராத் தூக்கம் கிடையாது. போத்தல் விலையை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். நெய், மாவு, சீனி, போத்தல் என்று வரிசையாகச் சொன்னார்கள். கரண்டுக் கட்டணம் அதில் இல்லை. கூலியும் இல்லை. டவுனில் பக்கத்துக் கடை என்ன விலைக்கு விற்கிறதோ அதைவிட ஒரு வெள்ளி குறைவு, அவ்வளவுதான் கணக்கு. தோட்டத்தில் பாலை நிறுத்து இன்ன கூலி என்று எழுதியாவது வைத்தார்கள். இங்கே எழுதுகிறவரும் இல்லை.

பையன் தன் தட்டைப் பார்த்துவிட்டு, இந்தத் தீபாவளிக்கே ஆர்டர் எடுக்கலாமா என்று கேட்டான். அம்மா மருமகளிடமிருந்து நோட்டை வாங்கி அவனிடம் நீட்டினார். "எழுது. நெய் எவ்வளவு, மாவு எவ்வளவு எல்லாம் எழுது. அதுக்குக் கீழே, காலையில எத்தனை மணிக்கு வந்தே, இப்ப மணி என்னா, அதையும் எழுது. மோட்டார் ஓட்டுனா இந்நேரத்துக்கு எவ்வளவு கிடைச்சிருக்கும்னு போடு. கூட்டி வர்ற விலைய உங்க வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லிப் பாரு. வாங்குறோம்னு சொன்னா ஆர்டர் எடு."

மருமகள் உருட்டுவதை நிறுத்திவிட்டு அவன் போடும் கணக்கை எட்டிப் பார்த்தார்.